இரண்டு டிரம் மேல் ஒரு ரோல்: உச்சி உயரத்திலிருந்து விட்டம் கணக்கிடுவது எப்படி?

சேலத்தைச் சுற்றி ஜலகண்டபுரம், தாரமங்கலம், கொண்டலாம்பட்டி என்று விசைத்தறி ஓடும் ஊர்களில், தறியிலிருந்து வரும் துணியைப் பார்த்து, பழுது குறித்து, ரோலாகச் சுற்றும் மெஷின்கள் உண்டு. விளக்குப் பலகையின் மேல் நகர்ந்து வரும் துணி, கடைசியில் அருகருகே படுத்திருக்கும் இரண்டு டிரம்களின் மேல் ஓர் அட்டைக் குழலில் சுற்றிக்கொள்ளும். அந்த ரோலுக்கென்று தனி அச்சோ பேரிங்கோ கிடையாது. அதைத் தாங்குவதும் டிரம்கள்தாம், சுழற்றுவதும் டிரம்கள்தாம். இரண்டு டிரம்மும் ஒரே திசையில் சுழல, ரோல் எதிர்த் திசையில் சுழன்று பெருத்துக்கொண்டே போகும்.

ஓடும் ரோலின் விட்டம் தெரிந்தால் பல வேலைகள் எளிதாகும். எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எடுத்து வைத்திருக்கும் பாலிதீன் உறைக்குள் ரோல் நுழையுமா, லாரியில் ஓர் அடுக்குக்கு எத்தனை ரோல் நிற்கும் என்று எல்லாவற்றுக்கும் விட்டம்தான் அடிப்படை. ஆனால் ஓடும் ரோலைச் சுற்றி டேப் போட முடியாது, போடவும் கூடாது. ரோலும் டிரம்மும் தொடும் கோட்டில், ஒரு டிரம்மில் வெளிப்பக்கத்திலிருந்தும் மற்றதில் அடிப்பக்கத்திலிருந்தும் மெஷின் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டேப்பின் நுனி மாட்டினால் கையும் சேர்ந்து போகும். அதனால் மேலிருந்து உயரத்தை மட்டும் அளந்து விட்டத்தைக் கணக்கில் எடுப்பதுதான் பாதுகாப்பான வழி.

உயரத்தை அளப்பது சுலபம். அதை விட்டமாக மாற்றும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். வெறும் குழல் இருக்கும்போது ஒரு தடவை அளந்து, "உயரத்தோடு இத்தனை மில்லிமீட்டர் கூட்டினால் விட்டம்" என்று ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொள்வது வழக்கம். அந்த எண் நிலையானது அல்ல. இரண்டு விறகுக் கட்டைகளுக்கு நடுவில் பானையை வைத்தால், சின்னப் பானை ஆழமாக இறங்கும், பெரிய பானை மேலே நிற்கும். ரோலும் அப்படித்தான். மெலிந்திருக்கும்போது டிரம்களுக்கு நடுவே நன்றாக அமிழ்ந்து கிடக்கும். பெருக்கப் பெருக்க மேலே எழும். இந்த அமிழ்வு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்வதுதான் வடிவியலின் வேலை.

தேவையான அளவுகள்

டிரம் இரண்டும் ஒரே விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மெஷின்களில் அப்படித்தான் இருக்கும். மூன்று அளவு வேண்டும்.

முதலாவது டிரம் விட்டம். மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, துணி டேப்பையல்ல, மெல்லிய இரும்பு டேப்பை டிரம்மைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவு எடுங்கள். அதை 3.1416 ஆல் வகுத்தால் விட்டம். டிரம்மின் மேல் ரப்பர், கார்க் அல்லது எமரி (சொரசொரப்பான உறை) ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் ரோல் தொடுவது அந்த மேற்பரப்பை. வலது, நடு, இடது என்று மூன்று இடத்தில் எடுப்பது நல்லது.

இரண்டாவது, டிரம்களின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தில் பாதி. இதை இங்கே "அரைத் தூரம்" என்று அழைப்போம். தண்டின் முனையில் மையப்புள்ளி தேடி அளப்பதைவிட, இரு டிரம்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை (இதைச் "சந்து" என்போம்) உள்-காலிப்பரால் அளந்து டிரம் விட்டத்தோடு கூட்டுவது துல்லியம். சந்து 20 மி.மீ., டிரம் 200 மி.மீ. என்றால் மையத் தூரம் 220, அரைத் தூரம் 110. சந்தை இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ஒரு முனையில் 20, மறுமுனையில் 23 என்று இருந்தால் டிரம்கள் இணையாக இல்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யாவிட்டால் கணக்கு மட்டுமல்ல, ரோலே ஒரு பக்கமாக நகர்ந்து சுற்றும்.

மூன்றாவதுதான் ஓட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும் அளவு: உச்சி உயரம். இரண்டு டிரம்களின் மேல் முதுகையும் தொட்டுக்கொண்டு ஒரு நேர்க்கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ரோலின் உச்சி எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே உச்சி உயரம். தரையிலிருந்தோ டிரம் மையத்திலிருந்தோ அளக்கத் தேவையில்லை.

இதை எடுக்க மெஷினின் மேல் சட்டத்தில் ஒரு குறுக்குக் கம்பி போதும். டிரம்கள் காலியாக இருக்கும்போது அவற்றின் முதுகில் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, மேல் கம்பியிலிருந்து அந்தச் சட்டத்தின் அடிவிளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 700 மி.மீ. என்று வந்தால் அதுதான் சுழி அளவு. பிறகு ரோல் இருக்கும்போது கம்பியிலிருந்து ரோல் உச்சி வரை 400 வந்தால், உச்சி உயரம் 700 − 400 = 300 மி.மீ. கையால் அளந்தாலும் சென்சார் அளந்தாலும் முறை இதுவே. சட்டத்தின் அடிவிளிம்பு என்று சொல்லக் காரணம் இருக்கிறது: மேல்விளிம்பு வரை அளந்தால் சட்டத்தின் தடிமன் முழுவதும் கணக்கில் பிழையாக ஏறும்.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது

இரண்டு வட்டங்கள் வெளிப்புறமாகத் தொட்டுக்கொண்டால், ஒன்றின் மையமும் தொடும் புள்ளியும் மற்றதன் மையமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். ஆகவே டிரம் மையத்துக்கும் ரோல் மையத்துக்கும் உள்ள தூரம் எப்போதும் டிரம் ஆரமும் ரோல் ஆரமும் கூடியது. இந்தக் கணக்கு முழுக்க இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

இப்போது மெஷினை முனைப்பக்கமிருந்து பார்ப்பதாக எண்ணி, ஒரு தாளில் மூன்று வட்டம் வரையுங்கள்: கீழே இரண்டு டிரம், மேலே ரோல். ரோலின் மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு இறக்கினால், அது டிரம் மையங்களை இணைக்கும் கோட்டைச் சரியாக நடுவில் வெட்டும். அங்கே ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. கர்ணம் இரு ஆரங்களின் கூட்டல். கிடைப்பக்கம் அரைத் தூரம். செங்குத்துப் பக்கம், டிரம் மையக் கோட்டிலிருந்து ரோல் மையம் வரையுள்ள உயரம்.

அந்தச் செங்குத்துப் பக்கத்தை நம் உச்சி உயரத்தால் எழுதலாம். டிரம் மையக் கோட்டிலிருந்து டிரம் முதுகு வரை டிரம் ஆரம். அதன் மேல் உச்சி உயரம். அங்கிருந்து ரோல் ஆரம் அளவு கீழே வந்தால் ரோல் மையம். எனவே செங்குத்துப் பக்கம் = டிரம் ஆரம் + உச்சி உயரம் − ரோல் ஆரம்.

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை இப்படி எழுதுங்கள்:

கர்ணம்² − செங்குத்துப் பக்கம்² = அரைத் தூரம்²

இங்கே பலர் அடைப்புக்குறிகளை விரித்து எட்டு பத்து உறுப்புகளோடு போராடுவார்கள். தேவையில்லை. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் கூட்டலும் கழித்தலும் பெருக்கியது. கர்ணத்தையும் செங்குத்துப் பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள்: ரோல் ஆரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, டிரம் விட்டம் + உச்சி உயரம் மிஞ்சும். கழித்துப் பாருங்கள்: இப்போது டிரம் ஆரம் அடிபட்டுப் போக, ரோல் விட்டம் − உச்சி உயரம் மிஞ்சும். ஆக,

(டிரம் விட்டம் + உச்சி உயரம்) × (ரோல் விட்டம் − உச்சி உயரம்) = அரைத் தூரம்²

இரண்டாவது அடைப்புக்குறியைக் கவனியுங்கள். ரோல் விட்டத்திலிருந்து, முதுகுக் கோட்டுக்கு மேலே தெரியும் பகுதியைக் கழித்தால் மிஞ்சுவது, ரோலின் அடி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும் ஆழம். அதாவது அமிழ்வு. முதல் அடைப்புக்குறி, டிரம்மின் அடியிலிருந்து ரோல் உச்சி வரையுள்ள மொத்த உயரம். ரோல் எவ்வளவு பெருத்தாலும் இந்த இரண்டின் பெருக்கல் மாறவே மாறாது. மொத்த உயரம் கூடினால் அமிழ்வு அதே விகிதத்தில் குறைந்தாக வேண்டும். நிலையான எண்ணைக் கூட்டும் வழி ஏன் தவறுகிறது என்பதற்குப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

கணக்குப் போடுவதற்கு ஏற்றபடி மாற்றி எழுதினால்:

ரோல் விட்டம் = உச்சி உயரம் + அரைத் தூரம்² ÷ (உச்சி உயரம் + டிரம் விட்டம்)

வர்க்கமூலம் இல்லை, சைன் காஸ் இல்லை. ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். சாதாரணக் கால்குலேட்டரில் முடியும், மெஷினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி.யிலும் இரண்டே வரியில் அடங்கும்.

எண்களோடு பார்ப்போம்

டிரம் விட்டம் 200, அரைத் தூரம் 110 என்று மேலே எடுத்த மெஷினையே வைத்துக்கொள்வோம். 110 ஐ வர்க்கப்படுத்தினால் 12,100. இந்த எண்ணை மெஷினிலேயே பெயின்டால் எழுதி வைக்கலாம், அது மாறப்போவதில்லை.

உச்சி உயரம் 300 என்றால், 12,100 ÷ 500 = 24.2. ரோல் விட்டம் 324.2 மி.மீ.

மற்ற உயரங்களுக்கும் இப்படியே (எல்லாம் மி.மீ.):

| உச்சி உயரம் | அமிழ்வு | ரோல் விட்டம் |
|---|---|---|
| −10 | 63.7 | 53.7 |
| 0 | 60.5 | 60.5 |
| 50 | 48.4 | 98.4 |
| 100 | 40.3 | 140.3 |
| 200 | 30.3 | 230.3 |
| 300 | 24.2 | 324.2 |
| 400 | 20.2 | 420.2 |

முதல் வரியில் உச்சி உயரம் கழித்தல் குறியோடு இருப்பது அச்சுப்பிழை அல்ல. சிறிய குழலின் உச்சி, டிரம் முதுகுக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள அட்டைக் குழலை இந்த மெஷினில் வைத்தால் உச்சி உயரம் −15.6 வரும். குறியை விடாமல் போட்டால் சூத்திரம் சரியாக 50 ஐத் தரும். குறியை மறந்தால் விடை எங்கோ போய்விடும். பி.எல்.சி.யில் இந்த அளவை வைக்கும் இடம் குறியுள்ள எண்ணை ஏற்கும்படி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலையான எண் முறை எவ்வளவு கெடுக்கும்? குழலில் அமிழ்வு 65.6. அதையே கடைசி வரை கூட்டிக்கொண்டு போனால், உயரம் 400 இல் ரோல் விட்டம் 465.6 என்று சொல்லும். உண்மை 420.2. வித்தியாசம் 45 மி.மீ.க்கு மேல். அந்த விட்டத்தை வைத்துத் துணி நீளம் கணக்கிட்டால், விட்டம் வர்க்கமாகும்போது பிழையும் பெருகி, உண்மையைவிட 23 சதவீதம் அதிகமாகக் காட்டும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே தகராறு கிளம்ப இவ்வளவு போதும்.

தலைகீழ்க் கணக்கும் அடிக்கடி தேவைப்படும். 400 மி.மீ. விட்டத்தில் மெஷின் தானாக நிற்க வேண்டும். லிமிட் சுவிட்சை எந்த உயரத்தில் வைப்பது? இதற்கு மட்டும் வர்க்கமூலம் வேண்டும். இரு ஆரங்களைக் கூட்டினால் 100 + 200 = 300; அதன் வர்க்கம் 90,000; 12,100 ஐக் கழித்தால் 77,900; வர்க்கமூலம் 279.1. அதோடு ரோல் ஆரம் 200 ஐக் கூட்டி டிரம் ஆரம் 100 ஐக் கழித்தால் 379.1. முதுகுக் கோட்டிலிருந்து 379 மி.மீ. உயரத்தில் சுவிட்சை வையுங்கள்.

பைப்பை வைத்துச் சரிபார்ப்பது

அளவு எடுத்ததில் பிழை இருக்கிறதா என்று துணி சுற்றிப் பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். எந்த ஹார்டுவேர் கடையிலும் 110, 160 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. பைப் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஓரடித் துண்டு போதும். நிறுத்திய மெஷினின் டிரம்கள் மேல் வைத்து உச்சி உயரம் எடுங்கள். இந்த மெஷினுக்கு 110 பைப்பில் 64.2, 160 பைப்பில் 122.5 வர வேண்டும். பைப் சில சமயம் லேசாக முட்டை வடிவாக இருக்கும். சுற்றளவு எடுத்து 3.1416 ஆல் வகுத்த விட்டத்தைக் கணக்கில் போடுங்கள், துண்டைக் கால் சுற்று திருப்பி இன்னொரு அளவும் எடுத்துச் சராசரி வையுங்கள்.

இரண்டு பைப்பிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் சுழி அளவில்தான் பிழை. சின்னப் பைப்பில் அதிகமாகவும் பெரியதில் குறைவாகவும் வந்தால் சந்தை அளந்ததில் பிழை இருக்கும். மையத் தூரத்தில் 1 மி.மீ. தவறினால், இந்த மெஷினில் குழல் அளவில் 0.6 மி.மீ.யும் 420 மி.மீ. ரோலில் 0.2 மி.மீ.க்குக் குறைவாகவும் விட்டம் தவறும். பெரிய ரோலில் எல்லாம் சரியாகத் தெரிந்து, சின்ன ரோலில் மட்டும் ஒத்துவராத மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சந்தைத்தான்.

இரண்டு பைப்பின் அளவை மட்டும் வைத்து டிரம் விட்டத்தையும் அரைத் தூரத்தையும் கணக்கிலேயே கண்டுபிடிக்க முடியும். ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு அமிழ்வுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 8 மி.மீ.தான் என்பதால், உயரத்தில் 1 மி.மீ. பிழை இருந்தாலே டிரம் விட்டம் பெரிதாகத் தள்ளாடும். டிரம்மை டேப்பால் அளந்துவிடுவதே மேல்.

எங்கே தவறும், ஏன்

சென்சார் நேர் உச்சிக்கு மேலே இல்லாதது முதல் காரணம். இரண்டு டிரம்களுக்கும் சரியாக நடுவில் தூக்குக்குண்டு இறக்கி, சென்சாரை அந்தக் கோட்டில் வைக்க வேண்டும். 10 மி.மீ. விலகினால் 420 மி.மீ. ரோலில் கால் மி.மீ. கூடப் பிழை வராது. ஆனால் 50 மி.மீ. குழலில் 2 மி.மீ. தவறும், ஏனென்றால் சிறிய வட்டம் உச்சியிலிருந்து வேகமாகச் சரிகிறது.

ஒலியலை சென்சார் வைத்தால் வெப்பநிலையை மறக்கக் கூடாது. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.17 சதவீதம் கூடும். சேலத்தில் ஏப்ரல், மே மாதம் காலையில் சுழி அளவு எடுத்து, தகர ஷெட்டுக்குள் மதியம் 10 டிகிரி ஏறிய பிறகு அளந்தால், 400 மி.மீ. தூரத்தை சென்சார் 7 மி.மீ. குறைத்துக் காட்டும். ரோல் அந்த அளவுக்குப் பெருத்ததாகத் தெரியும். வெப்ப ஈடு உள்ள சென்சாரை வாங்க வேண்டும், அல்லது ஒவ்வொரு ரோல் தொடங்கும்போதும் குழலை வைத்துச் சுழி அளவைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. டவல் போன்று நூல் வளையங்கள் எழும்பிய துணி ஒலியை உறிஞ்சும் என்பதால், அதற்கு லேசர் சென்சார் பொருத்தம்.

சில மெஷின்களில் ரோலின் மேல் ஒரு அழுத்த ரோலர் உட்கார்ந்து ரோலோடு சேர்ந்து எழும். அதன் எழுச்சியை அளந்தாலே உச்சி உயரம் கிடைத்துவிடும். அதன் சொந்த விட்டம் சுழியில் கழிந்துவிடுவதால் தேவையில்லை. ஒரு நிபந்தனை: அது நேர் செங்குத்தாக எழ வேண்டும். கீலில் ஆடும் கையில் மாட்டியிருந்தால் அது வில்லாக நகரும். தொடும் இடம் உச்சியை விட்டு விலகும். அந்த அமைப்பில் சூத்திரத்தை நம்பாமல், பைப் துண்டுகளை வைத்து ஒரு அட்டவணை தயாரித்துக்கொள்வதே சரி.

மிக அதிகமாகக் கணக்கைக் கெடுப்பது துணிதான். சூத்திரம் ரோலைக் கெட்டியான வட்டமாக எண்ணுகிறது. தளர்வாகச் சுற்றிய மெத்தென்ற துணி, டிரம் தொடும் இரு இடங்களிலும் அமுங்கும். ஒவ்வொரு தொடுகையிலும் 2 மி.மீ. அமுங்கினால், 420 மி.மீ. ரோலில் கணக்கு ஏறத்தாழ 2 மி.மீ. குறைவாகவே காட்டும், மெலிந்த ரோலில் இந்த விளைவு இன்னும் கூடுதல். தொடக்கத்தில், டிரம் மையத்தையும் ரோல் மையத்தையும் இணைக்கும் கோடு செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரிக்கு மேல் சரிந்திருப்பதால், டிரம் ஒவ்வொன்றும் ரோலின் முழு எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் பிடிக்கிறது. ரோல் 420 ஐத் தொடும்போது கோணம் 21 டிகிரிக்கு வந்து, ஒவ்வொரு டிரம்மும் எடையில் பாதியைவிடச் சற்று அதிகமாகத் தாங்கும். எடை கூடுவதால் அழுத்தம் கூடத்தான் செய்யும்; ஆனால் எடை ஏறும் வேகத்தில் ஏறாது.

கரை தடித்த துணியில் இன்னொரு சிக்கல். கரை அடுக்கு அடுக்காக ஏறி, ரோலின் இரு முனையும் பருத்து நடு உள்வாங்கியிருக்கும். அப்போது ரோல் கரைகளின் மேல் நிற்கிறது; நடுவில் டிரம்மைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு சென்சாரை வைத்து அளந்தால் கிடைப்பது கரை விட்டமும் அல்ல, நடு விட்டமும் அல்ல. இரண்டு முனையிலும் நடுவிலும் உயரம் எடுத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டக் கணக்கை விட்டுவிட்டு, குழலை அவ்வப்போது சற்று இட வலமாக நகர்த்திச் சுற்றும் ஏற்பாட்டைப் பாருங்கள்.

இரண்டு டிரம்மும் 1, 2 மி.மீ. வித்தியாசமாகத் தேய்ந்திருந்தால் சராசரி விட்டம் போட்டால் போதும். ஒரு டிரம் வேண்டுமென்றே உயரமாக அமைந்த மெஷினில், நேர்ச்சட்டம் சாய்ந்து உட்காரும். அப்போது செங்குத்தாக அளக்காமல் சட்டத்துக்குச் செங்கோணமாக அளந்தால் அதே சூத்திரம் அப்படியே பொருந்தும். வட்டங்களுக்குப் புவியீர்ப்பைப் பற்றிக் கவலை இல்லை. டிரம்களின் விட்டமே வெகுவாக வேறுபட்டால் இந்தச் சுருக்கமான சூத்திரம் செல்லாது.

விட்டத்திலிருந்து மீட்டர்

ரோலின் முனை வட்டப் பரப்பிலிருந்து குழலின் பரப்பைக் கழித்து, துணியின் தடிமனால் வகுத்தால் நீளம் கிடைக்கும். இங்கே தடிமன் என்பது கேஜில் பார்க்கும் தடிமன் அல்ல, சுற்றிய நிலையில் ஓர் அடுக்கு எடுத்துக்கொள்ளும் தடிமன். அது இழுவிசையைப் பொறுத்து மாறும். ஆகவே மெஷினிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

மீட்டர் கவுன்டர் 100 காட்டும்போது நிறுத்தி உயரம் எடுங்கள். 169 வந்தால் விட்டம் 169 + 12,100 ÷ 369 = 201.8. அதன் வர்க்கத்திலிருந்து குழல் விட்டத்தின் வர்க்கமான 2,500 ஐக் கழித்து 0.7854 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 30,000 சதுர மி.மீ. நீளம் 1,00,000 மி.மீ. என்பதால் அடுக்குத் தடிமன் 0.30 மி.மீ. இனி அதே துணியில் உயரம் 300 காட்டினால், விட்டம் 324.2; பரப்பு ஏறத்தாழ 80,600; 0.30 ஆல் வகுத்தால் 268 மீட்டரை ஒட்டி வரும். கவுன்டரும் இதற்கு அருகில் காட்ட வேண்டும். கணக்கு நாளுக்கு நாள் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால், துணியின் இழுவிசை மாறியிருக்கிறது அல்லது கவுன்டர் சக்கரம் வழுக்குகிறது.

டிரம்முக்கும் ரோலுக்கும் இடையே வழுக்கல் இருக்கிறதா என்று அறிய, உயரத்தைச் சாராத இன்னொரு வழி உண்டு. ரோலின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது ஒரு சுற்று வருவதற்குள் டிரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பத்து ரோல் சுற்றுக்கு எண்ணிப் பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும். அந்த எண்ணை டிரம் விட்டத்தால் பெருக்கினால் ரோல் விட்டம்: 1.62 சுற்று என்றால் 324. உயரக் கணக்கும் 324 தந்தால் டிரம்முக்கும் ரோலுக்கும் இடையே வழுக்கல் இல்லை. சுற்று எண்ணிக்கையில் கிடைத்த விட்டம் உயரக் கணக்கைவிடப் பெரிதாக வந்தால், டிரம் சுழலும் அளவுக்கு ரோல் சுழலவில்லை. டிரம்மின் மேல் பஞ்சுத்தூசி படிந்திருக்கிறதா, எமரி மழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

துணி மட்டுமல்ல

இதே மூன்று வட்டம் சேலத்தில் இன்னும் பெரிய அளவில் சுழல்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தோண்டும் பகுதியில் ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்றுதான் பெயர். அந்தக் கல்லைச் சுடும் சுழல் சூளை, தன்னைச் சுற்றிய இரும்பு வளையத்தோடு இரண்டு தாங்கு ரோலர்களின் மேல் படுத்துச் சுழலும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய சூளைகளில் பொதுவாகத் தாங்கு ரோலர்களை வளைய மையத்திலிருந்து பார்த்தால் 60 டிகிரி விரிந்திருக்கும்படி, அதாவது செங்குத்துக்கு இருபுறமும் 30 டிகிரியில் வைப்பார்கள். 30 டிகிரியின் சைன் அரை என்பதால், அரைத் தூரம் இரு ஆரங்களின் கூட்டலில் சரிபாதியாகிவிடும்.

உதாரணமாக வளையம் 3,000, ரோலர் 1,000 மி.மீ. என்று எடுத்தால் ஆரங்களின் கூட்டல் 2,000, அரைத் தூரம் 1,000. உச்சி உயரம் 2,732 வரும். சூத்திரத்தில் போட்டால் 2,732 + 10,00,000 ÷ 3,732 = 3,000. இங்கே கணக்கின் பயன் வேறு விதம். வளையமும் ரோலரும் தேயத் தேயச் சூளை கீழே இறங்கும். ஒரு தாங்கலில் மட்டும் இறங்கினால் சூளையின் நேர் கெட்டு உள்ளே செங்கல் உதிரும். அதைத் தூக்க இரு ரோலர்களையும் உள்நோக்கித் தள்ளுவார்கள். 30 டிகிரி அமைப்பில் ஒவ்வொன்றையும் 1 மி.மீ. உள்ளே தள்ளினால் சூளை 0.58 மி.மீ. எழும். ஒரு பக்க ரோலரை மட்டும் தள்ளினால் ஏறத்தாழ அதில் பாதிதான் எழும், கூடவே சூளையின் மையம் பக்கவாட்டிலும் அரை மி.மீ. நகர்ந்துவிடும், அதனால் இரண்டையும் சம அளவில், சிறிது சிறிதாகவே தள்ள வேண்டும்.

துணி மெஷினுக்குத் திரும்பினால், டிரம்முக்குப் புது ரப்பரோ எமரியோ ஒட்டிய அன்றே சுற்றளவையும் சந்தையும் மறுபடி அளந்து, சுழி அளவையும் புதிதாக எடுத்துவிடுங்கள். 3 மி.மீ. தடிமன் கூடினால் டிரம் விட்டம் 6 கூடும், சந்து 6 குறையும், முதுகுக் கோடு 3 எழும். மையத் தூரம் மட்டும் அப்படியே 220 இல் நிற்கும். ஆகவே பெயின்டால் எழுதிய 12,100 ஐ மாற்ற வேண்டியதில்லை, மற்ற இரண்டை மாற்றினால் போதும்.